உங்கள் ஓட்டு எந்த ஊரில் இருக்கிறது?

ரயிலில் எதிர் சீட்டுக்காரர் பேச்சை ஆரம்பிக்க ஒரு கேள்வியைத் தயாராக வைத்திருப்பார். ‘‘உங்களுக்கு எந்த ஊருங்க?’’

சென்னையில் இருபது வருஷமாகக் குப்பை கொட்டுகிறவர்கூட இதற்கு ‘சென்னை’ என்று பதில் சொல்ல மாட்டார். ‘‘நமக்கு செய்யாறு பக்கம்’’ என்பார். கொஞ்சம் யோசித்து, ‘‘இருக்கிறது மேடவாக்கம்’’ என்று சேர்த்துக்கொள்வார். ஊர் வேறு, இருக்கிற இடம் வேறு. தமிழர்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதே கிடையாது. தீபாவளிக்கு ‘ஊருக்கு’ப் போவோம். லீவு முடிந்ததும் ‘மெட்ராஸுக்கு’த் திரும்பி வருவோம்.

இதே கேள்வியை அரசாங்கம் கேட்கும்போதுதான் சிக்கல். அதற்கு ஒரே ஒரு பதில்தான் வேண்டும்.

நம்ம மேடவாக்கத்துக்காரரையே எடுத்துக்கொள்வோம். அவர் உங்கள் அபார்ட்மென்ட்டிலேயே இருக்கலாம். ஏன், நீங்களேகூட அவராக இருக்கலாம். ஓட்டு மட்டும் செய்யாறில். தேர்தலுக்கு முந்தின நாள் ராத்திரி கிளாம்பாக்கத்தில் நின்றுகொண்டே பஸ் பிடித்து, காலையில் பள்ளிக்கூடத்து வரிசையில் நின்று, விரலில் மையோடு திரும்பி வருகிறார்.

‘‘ஏன் சார், அட்ரஸை இங்கே மாத்திக்கக் கூடாதா?’’ என்று கேட்டால் காரணங்களை அடுக்குகிறார்.

‘‘அங்கே எங்கம்மா இருக்காங்க. ஒண்ணரை ஏக்கர் நிலம் இருக்கு. நிக்கிறவன் யாருன்னு எனக்குத் தெரியும், அவங்கப்பன் யாருன்னும் தெரியும். இங்கே வார்டு கவுன்சிலர் பேரே தெரியாது. தவிர, இது வாடகை வீடு. இந்த வருஷம் மேடவாக்கம், அடுத்த வருஷம் பெரும்பாக்கம். எத்தனை தடவைங்க மாத்தறது?’’

சோம்பேறித்தனம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஒரு மனுஷன் எந்த மண்ணுக்குச் சொந்தம் என்ற பெரிய கேள்வி அந்தப் பதிலுக்குள் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1950-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி, ஒருவர் ‘சாதாரணமாக எங்கே வசிக்கிறாரோ’ அந்தத் தொகுதியில்தான் அவர் பெயர் இருக்கவேண்டும். எந்த வீட்டில் பிறந்தார், எந்தக் கோயிலில் குலதெய்வம் என்பதெல்லாம் கணக்கில் வராது. அதே சட்டத்தின் 20-வது பிரிவு இன்னும் கறார். ஒரு தொகுதியில் வீடு சொந்தமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை அங்கே வசிப்பவராகக் கருத முடியாது என்கிறது. பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டுக்கு ஓட்டு இல்லை!

அதற்காகச் சட்டம் ஈரமே இல்லாதது என்று நினைக்கவேண்டாம். தற்காலிகமாக வெளியூர் போனதால் மட்டும் ஒருவர் தன் ஊரை இழந்துவிடுவதில்லை என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆறு மாதம் செங்கல் சூளைக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிற குடும்பத்துக்கு ஊரில்தான் ஓட்டு. ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற மாணவர், அப்பா அம்மா வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஹாஸ்டல் முகவரியிலும் சேரலாம். இரண்டிலும் இருப்பதுதான் கூடாது. ஒருவர் பெயர் ஒரு தொகுதிக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 17-வது பிரிவு. பழைய இடத்தில் இருப்பதை மறைத்துப் பொய்யாக எழுதிக் கொடுத்தால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

சட்டம் சொல்லிவிட்டது, சரி. அது நியாயமா என்பது தனிக் கேள்வி.

இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஏதென்ஸ் நகரத்துக்காரர்கள் இதற்கு வேறு பதில் வைத்திருந்தார்கள். கி.மு. 508 வாக்கில் கிளைஸ்தனிஸ் என்பவர் குடிமக்களை ‘டீம்’ என்ற ஊர்ப் பிரிவுகளில் பதிவு செய்தார். ஒருவர் எங்கே குடிபோனாலும் டீம் மாறாது. அப்பாவின் டீம்தான் பிள்ளைக்கு, பிள்ளையின் டீம்தான் பேரனுக்கு. சாக்ரடீஸ் எந்தத் தெருவில் நின்று யாரை மடக்கிக் கேள்வி கேட்டாலும், பதிவேட்டில் அவர் ‘அலோபெக்கே’ ஊர்க்காரர்தான். நம்ம மேடவாக்கத்துக்காரர் அங்கே பிறந்திருந்தால் ரொம்ப சந்தோஷமாக இருந்திருப்பார்.

ஆனால், அந்த முறையில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. ரத்தத்தால் வருகிற ஊர், வெளியிலிருந்து வந்தவனுக்குக் கிடைக்கவே கிடைக்காது. ஏதென்ஸில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வரி கட்டிய வெளியூர்க்காரர்களுக்கு ஓட்டு கிடையாது. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் கேட்கவே வேண்டாம். ‘உன் பூர்வீகம் எது?’ என்று கேட்கிற ஜனநாயகம், பூர்வீகம் இல்லாதவனை வாசலிலேயே நிறுத்திவிடும்.

நம்ம உத்திரமேரூருக்கும் வருவோம். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, குடவோலை முறை. பெருமையாகப் பேசுகிறோம், பேசவேண்டியதுதான். அதில் ஓலையில் பெயர் எழுதப்படுவதற்கு என்ன தகுதி தெரியுமா? கால் வேலி நிலத்துக்கு மேல் சொந்தமாக இருக்கவேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்கவேண்டும். வாடகைக்காரருக்கு அந்தக் குடத்தில் இடமில்லை.

இப்போது இன்றைய விதி ஒன்றைச் சொல்கிறேன். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் பிளாட்பாரத்தில் படுத்துத் தூங்குகிற ஒருவர் வாக்காளர் பட்டியலில் சேர விண்ணப்பித்தால், முகவரிக்கு ஆவணம் கேட்டுத் திருப்பி அனுப்பக் கூடாது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரி நேரத்தில் அந்த இடத்துக்கே போய், அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்க்கவேண்டும். ஒரு தடவை போனால் போதாது, திரும்பவும் போகவேண்டும். தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டுதல் இது. நடைமுறையில் எத்தனை அதிகாரிகள் ராத்திரியில் டார்ச் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனாலும், அப்படி ஒரு விதி எழுதப்பட்டிருப்பதை யோசித்துப் பாருங்கள். கால் வேலி நிலம் கேட்ட காலத்திலிருந்து, ‘நீ தலை சாய்க்கிற இடம் எதுவோ அதுவே உன் முகவரி’ என்று சொல்கிற காலத்துக்கு நாம் வந்திருக்கிறோம்.

இது சும்மா வந்துவிடவில்லை. சுதந்திரம் வந்த கையோடு முதல் வாக்காளர் பட்டியலைத் தயாரிக்க ஆரம்பித்தபோது, பிரிவினையில் வீடு வாசலை விட்டுவிட்டு ஓடி வந்த அகதிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். கையில் எந்தக் காகிதமும் இல்லை. ‘இங்கேயே நிரந்தரமாக இருக்கப்போகிறேன்’ என்று அவர்கள் எழுதிக் கொடுத்த உறுதிமொழியை வைத்தே பெயரைச் சேர்க்கலாம் என்று அப்போது முடிவெடுத்தார்கள். ஆக, நம்முடைய பட்டியல், வந்தவர்களையும் ‘நம்மவர்’ என்று எழுதிக்கொண்டுதான் பிறந்தது. அப்படிச் செய்ய வேண்டுமென்றால் பூர்வீகத்தைக் கேட்கக் கூடாது. வசிப்பிடத்தைத்தான் கேட்க முடியும்.

மேடவாக்கத்துக்காரர் விடுவாரா? ‘‘நிக்கிறவங்களுக்கு மட்டும் இந்த ரூல் கிடையாதே சார்!’’ என்பார். உண்மைதான். நாட்டில் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும், லோக்சபா தேர்தலில் வேறு மாநிலத்திலும் போய் நிற்கலாம். ராஜ்யசபா உறுப்பினர் அந்த மாநிலத்து வாக்காளராக இருக்கவேண்டும் என்ற விதியையும் 2003-ல் எடுத்துவிட்டார்கள். 2006-ல் சுப்ரீம் கோர்ட்டும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. வேட்பாளர் எங்கிருந்தும் வரலாம், வாக்காளர் மட்டும் அங்கேயே இருக்கவேண்டும்!

கேட்க அநியாயமாகத் தெரியும். ஆனால், கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். வெளியூர் வேட்பாளரை வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய உள்ளூர்க்காரர்கள் இருக்கிறார்கள். வெளியூர் வாக்காளரை யார் வேண்டாம் என்று சொல்ல முடியும்? அவர் வந்து பட்டனை அமுக்கிவிட்டு ராத்திரி பஸ்ஸில் ஏறிவிடுவார். அவர் தேர்ந்தெடுத்த ஆளோடு அடுத்த அஞ்சு வருஷம் குடும்பம் நடத்தப் போகிறவர்கள் அந்த ஊரிலேயே இருப்பவர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இல்லையென்றால் அல்லாடப் போவது அவர்கள். ஏரி தூர் வாரவில்லையென்றால் காயப் போவது அவர்கள் வயல்.

இங்கே மேடவாக்கத்தில் மழை பெய்தால் முழங்கால் தண்ணீர். அவருடைய பையன் போகிற ரோட்டில் பள்ளம். தண்ணீர் லாரிக்கு மாதாமாதம் அழுகிறார். இது எதைப் பற்றியும் யாரிடமும் ஓட்டு என்ற மொழியில் பேச அவருக்கு வாய் இல்லை. அவரைப் போல ஆயிரம் பேர் அதே ஏரியாவில் இருக்கிறார்கள். ஓட்டு கேட்டு வருகிறவர், ‘இந்த ஃபிளாட்டில் எத்தனை ஓட்டு?’ என்று விசாரிக்கிறார். ‘ரெண்டு’ என்றால் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறார்.

2024 தேர்தலில் தருமபுரியில் 81 சதவிகிதத்துக்கு மேல் வாக்குப்பதிவு. மத்திய சென்னையில் சுமார் 54. ‘நகரத்து ஜனங்களுக்குப் பொறுப்பில்லை’ என்று உடனே திட்டுகிறோம். அதில் உண்மை இருக்கலாம். ஆனால், இன்னொரு பக்கமும் உண்டு. பட்டியலில் இருந்தவர்களில் எத்தனை பேர் வீடு மாறிப் போய்விட்டவர்கள்? வீட்டில் இருந்தவர்களில் எத்தனை பேர் பட்டியலிலேயே இல்லாதவர்கள்?

இதற்கு ஒரு விடை பிறகு கிடைத்தது. தீவிரத் திருத்தம் என்று வீடு வீடாகப் படிவம் கொடுத்து வாங்கி, 2025 டிசம்பர் 19-ல் தமிழ்நாட்டின் வரைவுப் பட்டியலை வெளியிட்டார்கள். முன்பு 6 கோடியே 41 லட்சம் பெயர்கள். வரைவில் 97 லட்சத்துக்கும் மேல் இல்லை! அதில் சுமார் 27 லட்சம் இறந்தவர்கள் என்றும், 66 லட்சத்துக்கும் மேல் இடம் மாறியவர்கள், முகவரியில் இல்லாதவர்கள் என்றும் கணக்குச் சொன்னார்கள். இந்தத் திருத்தத்தை நடத்திய விதம் பற்றிக் கட்சிகளுக்குள் பெரிய சண்டை, வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. அதற்குள் நான் போகவில்லை. விடுபட்டவர்கள் திரும்பச் சேர அவகாசமும் கொடுத்தார்கள். ஆனால், அந்த 66 லட்சம் என்ற எண்ணிக்கை என்னைத் தூங்கவிடவில்லை. அவ்வளவு பேரும் சட்டத்தை ஏமாற்ற நினைத்தவர்களா என்ன? வீடு மாறினார்கள். கேஸ் கனெக்‌ஷனை மாற்றினார்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை மாற்றினார்கள், கேபிளை மாற்றினார்கள். இதை மட்டும் ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்று விட்டார்கள். அவ்வளவுதான்.

சரி, ‘அப்புறம்’ என்பதற்கு ஏன் ஒரு கடைசித் தேதி? ஓட்டுப் போடுகிற அன்றைக்கே வந்து பெயர் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

வாக்காளர் பட்டியல் என்பது ரேஷன் கடை ரிஜிஸ்டர் மாதிரி இல்லை. அதை எல்லோர் பார்வைக்கும் வைக்கவேண்டும். ‘இந்த ஆள் எங்க தெருவிலேயே இல்லையே’ என்று சொல்ல உங்களுக்கும் எனக்கும் உரிமை இருக்கிறது. ஒரு விண்ணப்பம் வந்தால் ஆட்சேபம் சொல்ல ஏழு நாள் அவகாசம் விடுகிறார்கள். விசாரிக்க நாள் வேண்டும். இந்த இடைவெளி இல்லையென்றால் என்ன ஆகும்? பணமும் லாரியும் வைத்திருப்பவர் முந்தின நாள் ஐந்நூறு பேரை ஒரு கல்யாண மண்டபத்தில் இறக்கி, ‘இவர்கள் எல்லாம் இங்கேதான் வசிக்கிறார்கள்’ என்று எழுதிக் கொடுத்துவிடுவார். அதனால்தான் வேட்புமனு கொடுக்கும் கடைசி நாளோடு பட்டியலின் கதவை மூடிவிடுகிறார்கள். ஏழு நாள் ஆட்சேபக் கணக்கையும் சேர்த்தால், அதற்குப் பத்து நாள் முன்பாவது விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

ஆக, கெடு என்பது எளியவனைக் காப்பாற்றவும்தான் இருக்கிறது. ஆனால், அதே கெடு எளியவனைத்தான் முதலில் வெளியே தள்ளுகிறது. இதைத்தான் நாம் நிதானமாக யோசிக்கவேண்டும்.

சொந்த வீட்டுக்காரர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை படிவம் கொடுத்தால் போதும். வாடகைக்கு இருப்பவர் ஒவ்வொரு தடவை வீடு மாறும்போதும் கொடுக்கவேண்டும். வேலைக்காரம்மா ஒரு நாள் லீவு போட்டு அலுவலகத்துக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு. ஐ.டி. கம்பெனிக்காரர் செல்போனிலேயே பத்து நிமிஷத்தில் முடித்துவிடுகிறார். கல்யாணமான பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பட்டியலில் பெயரை எடுத்துவிடுகிறார்கள், புகுந்த வீட்டில் சேர்க்க யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். சுமை ஒன்றில்லை.

பெண்களைப் பற்றிச் சொல்லும்போது ஒரு பழைய கணக்கு ஞாபகம் வருகிறது. 1951-52 முதல் பொதுத் தேர்தலில் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலில் இல்லாமல் போயின. வடமாநிலங்களில்தான் அதிகம். காரணம் என்ன தெரியுமா? ‘உன் பெயர் என்னம்மா?’ என்று அந்நிய ஆண் கேட்டபோது, அவர்கள் சொல்லவில்லை. ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் மகள்’ என்று மட்டும் சொன்னார்கள். தேர்தல் ஆணையர் சுகுமார் சென், சொந்தப் பெயர் இல்லாமல் சேர்க்க முடியாது என்று உறுதியாக இருந்தார். அந்தத் தேர்தலில் அவர்களுக்கு அது இழப்புதான். ஆனால், ‘உனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது, அதைச் சொல்’ என்று ஒரு அரசாங்கம் அவர்களிடம் கேட்டதும் அப்போதுதான். விதி ஒன்று ஒரே நேரத்தில் காயமும் மரியாதையுமாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது உங்களிடமே வருகிறேன்.

நீங்கள் வீட்டைச் சொந்தமாக வைத்து வாடகைக்கு விட்டிருப்பவரா? உங்கள் மாடியில் இருப்பவர் வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்து தரச் சொல்லிக் கேட்கிறார். ‘‘அதெல்லாம் எதுக்குப்பா... நம்மகிட்ட வாய் வார்த்தையே போதும்’’ என்கிறீர்கள். வரி பயம், நாளைக்கு வீட்டைக் காலி பண்ண மாட்டாரோ என்ற பயம். புரிகிறது. ஆனால், அந்தக் காகிதம் இல்லாவிட்டால் அவருடைய வங்கிப் புத்தகத்தில் முகவரியை மாற்றுவது சிரமம், ஆதாரில் மாற்றுவது சிரமம், கடைசியில் ஓட்டை மாற்றுவதும் சிரமம். வீடு தேடி வருகிற அலுவலரிடம் ‘‘மாடியிலே யாரும் இல்லீங்க’’ என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிடுகிறவர்களும் உண்டு. வீட்டை வாடகைக்கு விடலாம், விடாமல் இருக்கலாம். அது உங்கள் இஷ்டம். வாடகையை வாங்கிக்கொண்டு அந்த மனுஷர் அங்கே வசிக்கவே இல்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறதா?

நீங்கள் வாடகைக்கு இருப்பவரா? அப்படியானால், இன்றைய விதிகள் முன்பைவிடச் சுலபம். முதல் தடவை சேர படிவம் 6. முகவரி மாற்ற படிவம் 8. அதே தொகுதிக்குள் மாறினாலும் சரி, வேறு மாநிலத்திலிருந்து வந்தாலும் சரி. முன்பெல்லாம் ஜனவரி 1 அன்று 18 முடிந்திருந்தால்தான் அந்த வருஷம் சேர முடியும். ஜனவரி 2-ல் பிறந்த குழந்தை ஒரு வருஷம் காத்திருக்கும்! 2022 ஆகஸ்டிலிருந்து ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நான்கு முதல் தேதிகள். பதினேழு வயது முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். 1950 என்ற எண்ணுக்கு போன் செய்தால் விவரம் சொல்வார்கள். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்... பர்ஸில் அட்டை இருப்பதால் ஓட்டு வந்துவிடாது. பட்டியலில் பெயர் இருக்கவேண்டும்.

இன்னொரு படிவம் இருக்கிறது. எண் 7. பெயரை நீக்குவதற்கு. அப்பா போய் மூன்று வருஷமாகியும் பல வீடுகளில் அதை எழுதுவதில்லை. ‘‘ரேஷன் கார்டுல எடுத்தாச்சு, பேங்க்ல எடுத்தாச்சு... இதாவது இருந்துட்டுப் போகட்டுமே’’ என்று ஒரு அம்மா சொன்னார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அவருக்கு அது ஒரு பெயர். ஆனால், அந்தப் பெயர் இருக்கிற வரைக்கும் யாரோ ஒருவர் அப்பாவாக வந்து கையெழுத்துப் போட ஒரு கதவு திறந்தே இருக்கிறது. வாழ்நாளெல்லாம் ஒரு ஓட்டைக்கூட விற்காத மனுஷருடைய பெயரில் இன்னொருத்தன் காசு வாங்கிக்கொண்டு குத்தலாமா? அந்தக் கதவைச் சாத்துவதும் பிள்ளைகள் செய்யவேண்டிய காரியம்தான், கருமாதி மாதிரி.

மேடவாக்கத்துக்காரரிடம் கடைசியாக ஒரு விஷயம் சொல்லவேண்டும். ஓட்டை மாற்றினால் ஊரை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடாது. செய்யாறு எங்கேயும் போகாது. அம்மாவைப் பார்க்க மாதம் ஒருமுறை போங்கள். ஏரி தூர் வாருவதற்குப் பணம் அனுப்புங்கள். திருவிழாவுக்குக் காப்புக் கட்டுங்கள். ஊரின் மேல் பாசத்தைக் காட்ட ஆயிரம் வழிகள் இருக்கின்றன. ஆனால், பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து ஒரு முடிவெடுக்க உங்களுக்கு இருப்பது ஒரே ஒரு வழி. அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பதே இத்தனை வருஷமாகத் தெரியாது என்கிறீர்களா?

வாக்காளர் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உங்கள் தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்று வரிசையாகப் போட்டிருக்கும். ஒவ்வொரு கதவு எண்ணாக விரலை வைத்துக்கொண்டே வாருங்கள். உங்கள் வீட்டுக்கு நேரே யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள். முன்பு குடியிருந்தவருடைய பெயராக இருந்தால், இந்த வாரமே படிவம் 8-ஐ எடுத்துவிடுங்கள்.